கன்னியப்பனைக் குந்தவைத்த நெருப்பு

உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்கும் என்று படம் பிடிப்பதற்காக ஒரு குளிர்தேசத்துக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகத் தேடி அலைந்து, கடைசியில் வடசென்னையைத் தாண்டி எங்கள் சாம்பல்மேட்டில் வந்து இறங்கினார்கள், இறங்கியவர்கள் அதற்குமேல் எங்கும் போகவில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களையும், அந்தச் சாம்பல் ஒழுகிப் பாளம் பாளமாக உறைந்துகிடந்த கழிமுகத்தையும், கூரை போன பஸ் நிறுத்தத்தையும், பள்ளிக்கூடச் சுவரையும், எங்கள் வீடுகளையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். எதையும் உடைக்கவோ அழுக்காக்கவோ தேவைப்படவில்லை என்பதில் அவர்களுக்கு ஏக சந்தோஷம். எங்களை மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், அவர்கள் கதைப்படி அங்கே யாரும் மிச்சமில்லையாம். நாங்களும் ஒதுங்கி நின்றோம், அது எங்களுக்குப் பழக்கம்தான்.

எடுத்த படமெல்லாம் ‘சாம்பல் காலம்’ என்கிற வீடியோ கேமின் மூன்றாம் பாகத்துக்கு. அதில் உலகம் அழிந்துபோய் வானத்திலிருந்து ஓயாமல் சாம்பல் கொட்டும், முகமூடி இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது, முகமூடியின் வடிகட்டி கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்ளும், துப்பாக்கியில் குண்டு எப்போதும் பற்றாது, செத்தவன் பையையும் பாழடைந்த வீட்டு அலமாரியையும் துழாவினால் ஒரு கட்டுத்துணியோ அரை பாட்டில் மருந்தோ கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு அடுத்த தெருவரைக்கும் உயிரோடு போய்ச் சேரவேண்டும். அங்கங்கே ஒரு தார் டிரம்மில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் காட்டினால் ஆட்டம் உங்களை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே எப்படிச் செத்தாலும் சரி, ஒரு சங்கு ஊதும், கண் விழித்தால் அதே நெருப்பின் பக்கத்தில், கை காட்டியபோது எப்படி இருந்தீர்களோ அப்படியே இருப்பீர்கள்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவள் வேதவல்லி, எங்கள் ஊரில் அந்த ஆட்டத்துக்குள்ளே போய் வந்த ஒரே ஆள். பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு டெஸ்டர் வேலை. ஷேர் ஆட்டோ, ரயில், பஸ் என்று மாறி மாறிப் போய், நாளெல்லாம் சுவரில் முட்டுவதும், பள்ளத்தில் விழுவதும், எப்படியெல்லாம் சாகலாமோ அப்படியெல்லாம் செத்துப்பார்த்து ஆட்டம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று சொல்வதும்தான் வேலை. மூன்றாம் பாகத்தில் அவள் தன்னுடைய தெருவிலேயே நடந்து, தன் வீட்டுக் கதவைத் தானே உதைத்துத் திறந்து, தன் அலமாரியிலிருந்து ஒரு கட்டுத்துணி எடுத்திருக்கிறாள். “நெஜ அலமாரில அதுகூட கெடையாது” என்று அவள் புருஷன் கன்னியப்பன் சொல்லிச் சிரித்தான். சாம்பல் குழாயில் அடைப்பெடுக்கிற ஒப்பந்தத் தொழிலாளி அவன், சிரித்தால் அவனுக்கு இருமல் வரும், வந்தால் லேசில் நிற்காது.

அந்தப் பாகம் வெளியான வருஷம்தான் காளத்தியின் டீக்கடைக்குப் பின்னாலிருந்த டிரம்மும் அப்படி ஆயிற்று. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் உடைந்த மரப்பெட்டியும் பழைய டயரும் போட்டுக் கை காய்கிற டிரம் அது, மூன்று ஷிப்டும் ஓடுவதால் அணைந்ததே கிடையாது. குழாய் வேலைக்காரன் முனிரத்தினம் ஒருநாள் அங்கே கை காய்ந்து டீ குடித்துவிட்டுப் போனான், சாயங்காலம் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி அடித்துச் செத்தான், மறுநாள் விடிகாலை மின்நிலையத்துச் சங்கு ஊதியபோது டிரம் பக்கத்து பெஞ்சில் டீ கிளாசோடு உட்கார்ந்துகொண்டு “சக்கர கம்மியா கீதுண்ணா” என்றான். காளத்தி எழுந்துபோய்ச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் பிணம் வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு பிடி சாம்பல்தான் கிடந்ததாம். முனிரத்தினத்தின் பெண்டாட்டி அதற்குள் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தாள், அத்தனை அழுகையும் வீணாகப் போச்சே என்று அவனை நன்றாக நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஊருக்கு இது பழகிப்போக ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. அதற்குக் குந்துறது என்று பெயரும் வைத்துவிட்டோம். மாரியம்மன் கோயில் பூசாரி, இது அம்மன் மூட்டிய நெருப்பு என்றார், பாஸ்டர் இது உயிர்த்தெழுதல் என்றார், கவுன்சிலர் தகரக் கொட்டகை போட்டுத் தன் படத்தை மாட்டி, இது தன்னுடைய முயற்சி என்றார். முதலில் கண்ட நேரத்தில் குந்தினோம். தையற்கடை சாமுவேல் பல்வலியோடு குந்தியவன், அப்புறம் அந்தப் பல்லைப் பிடுங்கியும் விட்டான், நெஞ்சுவலியில் செத்துத் திரும்பி வந்தபோது பிடுங்கிய பல் பழைய இடத்தில் பழைய வலியோடு இருந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வவ்வால் மீன் குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டு, யாரோடும் சண்டையில்லாத நாளாகப் பார்த்துக் குந்துவது வழக்கமாயிற்று. கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை வாடுவதற்குள் போய்க் குந்தினார்கள், பெற்றவர்கள் கைக்குழந்தையை மடியில் வைத்துப் பிஞ்சு உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள், பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்னால், பையன் குந்தியாச்சா என்று கேட்டார்கள்.

ஒரு சங்கடமும் இருந்தது. ஆளுக்கு ஒரு பதிவுதான், புதிதாகக் குந்தினால் பழையது அழிந்துவிடும். குந்தி வெகுகாலம் ஆனவன் செத்து வந்தால், நடுவில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது, வாசலில் ஓடி வருகிற சொந்தப் பிள்ளையைப் பார்த்து “இது யாரு வூட்டுப் புள்ள?” என்று கேட்பான். அதனால் அவ்வப்போது போய்ப் புதுப்பிக்கவும் வேண்டும், புதுப்பிக்கிற நாளில் உடம்பு நன்றாகவும் இருக்கவேண்டும், சாம்பல்மேட்டில் உடம்பு நன்றாக இருக்கிற நாளுக்கு எங்கே போவது. இதற்கிடையில் குழாய் வேலைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த முகமூடியையும் கான்டிராக்டர் நிறுத்திவிட்டான். “செத்தாலும் காலீல வந்துடுறீங்களே, அப்பால மாஸ்க் எதுக்கு?” என்று கேட்டான். கேட்டதில் நியாயம் இருப்பதுபோலவே பட்டது எங்களுக்கு, அப்படிப்பட்ட அறிவாளிகள் நாங்கள்.

கன்னியப்பனும் வேதவல்லியும் மட்டும் குந்தவே இல்லை. அவனை அவள்தான் விடவில்லை. ஆட்டத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்: கிடைக்கிற மருந்தையும் குண்டையும் நல்ல வடிகட்டியையும் இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போது வேண்டும் என்று பையில் போட்டுப் போட்டு வைத்துக்கொண்டு, அடிபட்ட உடம்போடு நொண்டி நொண்டி நடந்து, கடைசியில் ஆட்டமே முடியும்போது பை நிறைய மருந்தோடு நிற்பாள். வீட்டிலும் அப்படித்தான், நல்ல சேலை பெட்டியில் இருக்கும், கட்டுவது கிழிசலாக இருக்கும். புருஷனையும் அவள் அப்படித்தான் நல்ல நாளுக்கு எடுத்துவைக்கப் பார்த்தாள்.

ஒருமுறை நல்ல மழை பிடித்துச் சாம்பலையெல்லாம் அடித்துக்கொண்டு போனது, பராமரிப்பு வேலை என்று மின்நிலையத்தையும் மூடியிருந்தார்கள். கன்னியப்பன் இரண்டு வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டான், படுத்துத் தூங்கினான், மாடிப்படி ஏறி இறங்கினான். இருமல் எப்போதாவது ஒன்று வரும், அவ்வளவுதான்.

“இன்னிக்குப் போய்க் குந்திட்டு வந்துடலாம் வேதா,” என்றான்.

“இன்னும் அந்த ஒரு இருமல் கீதுல்ல, அதும் நின்னுடட்டும்யா. நாளிக்குப் போலாம்.”

“நீ ஊறுகா ஜாடில போட்டு மூடுறதுக்குள்ள நான் கெட்டுப்பூடுவன் போலக்கீது,” என்று சிரித்தான், சிரித்ததில் அந்த ஒரு இருமலும் வந்தது, பாரு, அதான் சொன்னேன் என்றாள் அவள். மறுநாள் மின்நிலையம் திறந்துவிட்டது. அப்படி ஒரு நாள் அதற்குப் பிறகு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அடைப்பெடுக்கும்போது குழாய் வெடித்தது அந்தக் கோடையில். கொதிக்கிற சாம்பல் குழம்பு கன்னியப்பனின் முகத்தில் அடித்து மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போய்விட்டது. முனிரத்தினமும் மற்றவர்களும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள், எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகள் அசையாமல் நின்றன, ஆஸ்பத்திரிக்கு வழியே இல்லை. கூட வேலை செய்கிறவனைக் குந்தவைக்காமல் சாகவிடக்கூடாது என்று குழாய்க்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. “தூக்குங்கடா, டிரம்முக்குத் தூக்குங்கடா, இவன் குந்தவே இல்லடா, போய்ட்டான்னா போனதுதான்டா!” என்று முனிரத்தினம் கத்தினான். அத்தனையும் பாசத்தில் செய்தது, அதில் சந்தேகமே இல்லை. பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு கையையும் நெருப்புக்குக் காட்டினார்கள். கன்னியப்பன் கண்ணைத் திறந்து, “வேதாவுக்குச் சொன்னீங்களா?” என்றான்.

சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வார லீவில் இருந்தவள் ஓடி வந்து கொட்டகைக்குள் நுழைந்தபோது அவன் கை நெருப்புக்கு நேரே இருந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாக்கா, உக்காந்துட்ட?” என்றான் முனிரத்தினம். “குந்த வெச்சிட்டோம்க்கா. இனிமே பயமில்ல.”

“சாவுற நேரத்துல பதிஞ்சிட்டீங்களேடா,” என்றாள் அவள். “இப்போ எய்ந்து வந்தாலும் இதே மூச்சோடதான வருவாரு. வருவாரு, சாவாரு, வருவாரு, சாவாரு. எங்க ஆபீஸ்ல இத்தக் கண்டுபுடிச்சா ஆட்டத்தையே நிறுத்திடுவாங்கடா.”

கன்னியப்பன் ஒரு கிளாஸ் டீ ஆறுகிற நேரம் உயிரோடிருந்தான். மறுநாள் விடிகாலை சங்கு ஊதியது, அவன் பெஞ்சில் இருந்தான், கண்ணைத் திறந்து “வேதாவுக்குச் சொன்னீங்களா?” என்று கேட்டான், டீ ஆறுகிற நேரம் இருந்தான், செத்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து டிரம் பக்கத்தில் தயாராக வைத்துப் பார்த்தாள், ஆம்புலன்ஸை நிறுத்திப் பார்த்தாள், டாக்டரைக் கையோடு கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தாள். நெஞ்சு முழுக்கச் சாம்பல், யாராலும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல நிலையில் திரும்பக் குந்தவைக்கலாம் என்றால் அவனுக்கு நல்ல நிலை என்று ஒன்று இல்லை, அந்த ஒரு கிளாஸ் டீ நேரம்தான் அவனுக்கு மிச்சம். வலிக்கு ஊசி போடப் பழகிக்கொண்டாள், வேலையை விட்டுவிட்டாள், விடிகாலையில் போய்ப் பெஞ்சில் முன்னாடியே உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருப்பது அவள் பிழைப்பாகிவிட்டது.

சில வருஷம் போனது. ஊரைக் கூட்டச் சொல்லி வேதவல்லி கேட்டாள், கல்யாண மண்டபத்தில் கூடினோம். அவள் சுருக்கமாகத்தான் பேசினாள். சாம்பல் காலத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு முடிவை ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஆடுகிறவர்களில் லட்சத்தில் ஒருத்தர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நெருப்பில் கை காட்டி உயிரோடு இருக்கிற எல்லாரும் ஒன்றாக வந்து ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அது அணையும், ஒருத்தர் குறைந்தாலும் அணையாது. அணைந்துவிட்டால் செத்தவர்களுக்குச் சங்கு ஊதாது.

“எம் பொண்ணு அந்தச் சாம்பல் தேங்குற ஏரில ரெண்டு தபா முழுகிச்சு,” என்று மீன்கடைப் பூங்காவனம் எழுந்தாள். “ரெண்டு தபாவும் காலீல வந்து எம் மடில உக்காந்துச்சு. அத்தப் போயி தண்ணி ஊத்தி அணைன்னு எங்கிட்ட கேக்குறியா நீ?”

“அணைச்சா பொண்ணு செத்துடாதுக்கா. ஜாக்கிரதியா பாத்துக்கணும், அவ்ளோதான். ஒலகத்துல மத்தவங்கல்லாம் அப்டித்தான இருக்காங்க.”

“நாமதான் மத்தவங்க இல்லியே,” என்றான் சாமுவேல்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அழக்கூட அழுதோம். அழுதுவிட்டு, பெஞ்சுக்குப் பதிலாக நல்ல கட்டில் வாங்கிப் போடுவது என்றும், மெத்தையும் மின்விசிறியும் ஊர்ச் செலவு என்றும் முடிவெடுத்தோம். கன்னியப்பன் கட்டிலில் வரவில்லை, பெஞ்சு இருந்த இடத்தில், எதன்மேலும் இல்லாமல் உட்கார்ந்த வாக்கில் வந்து தரையில் விழுந்தான். மறுநாளே பெஞ்சைப் பழைய இடத்தில் போட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் அவன் வருவதும் போவதும் எங்களுக்குக் கணக்கிலேயே இல்லாமல் போயிற்று, அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று வடை தின்றோம், அவன் அடங்கியதும் காளத்தி இரண்டாவது பாலைக் காய்ச்சுவான்.

அவளுக்கு வயதாயிற்று, அவனுக்கு ஆகவில்லை. ஒருநாள் காலை கன்னியப்பன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, “இன்னாடி, தலையெல்லாம் சாம்பலு?” என்றான்.

“காத்துல பறந்து வந்துச்சுய்யா.”

அவன் கையைத் தூக்கித் தட்டிவிட்டான். அது போகவில்லை. திரும்பத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தவன் கை அவள் தோளில் விழுந்து அப்படியே நின்றது. அன்றைக்கு அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் உரக்க அழுதாள், அதுவரைக்கும் அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அதன் பிறகும் காலை தவறாமல் அவன் கேட்டான், அவள் காற்று என்றாள், அவன் தட்டினான்.

நீயும் அவன் பக்கத்திலேயே குந்திக்கொள்ளேன், இரண்டு பேரும் சேர்ந்தே வரலாமே என்று பூங்காவனம் ஆதரவாகத்தான் சொன்னாள். “நானும் குந்திட்டா, அவுரு செத்துட்டாருன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல யாருக்கா இருப்பாங்க?” என்றாள் வேதவல்லி. அவள் கடைசிவரை குந்தவில்லை. அவளுக்கும் நெஞ்சில் சாம்பல் சேர்ந்துவிட்டது, அது சேராத நெஞ்சு எங்கள் ஊரில் ஏது. படுத்த படுக்கையானவளை விடிகாலையில் நாற்காலியோடு தூக்கிப்போய்க் கொட்டகையில் வைத்தோம், திரும்பத் தூக்கி வந்தோம். ஒருநாள் அப்படித் தூக்கி வரும்போது முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் போன அன்னிக்கு அவுரயும் போவ வுட்டுடுங்கடா. கண்ணத் தொறந்தா நான் இருக்க மாட்டன். தனியா வுட்டுடாதீங்க. அணைச்சிடுங்க.”

முனிரத்தினம் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். பூங்காவனம் செய்தாள், சாமுவேல் செய்தான், காளத்தி செய்தான், தெருவே வரிசையில் வந்து அவள் உள்ளங்கையில் கை வைத்துச் சத்தியம் செய்தது. மனசாரத்தான் செய்தோம். அவள் அன்று மத்தியானமே போய்விட்டாள்.

எங்கள் ஊரில் வெகுகாலத்துக்குப் பிறகு விழுந்த சாவு அது. எங்களுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. தலையை எந்தப் பக்கம் வைப்பது, எப்போது விளக்கேற்றுவது, வாய்க்கரிசி யார் போடுவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், மேளம் அடிக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது, பூ எங்கே விற்கிறது என்று விசாரிக்கவேண்டியிருந்தது. காலையில் வந்துவிடுவாள் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டே நின்றார்கள். சிதையில் தீ மூட்டியதும்தான் உறைத்தது, பூங்காவனம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள், நாங்கள் எல்லாரும் அலறினோம்.

மறுநாள் விடியுமுன்னே ஊர் முழுக்கக் கொட்டகைக்கு வந்துவிட்டது, ஒருத்தர் பாக்கியில்லை, ஆளுக்கு ஒரு குடம். கைக்குழந்தைக்காரிகள் குழந்தை பேருக்கு ஒரு சொம்பும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். டிரம்மைச் சுற்றி நின்றோம். முனிரத்தினம் காளத்தியைப் பார்த்தான், காளத்தி சாமுவேலைப் பார்த்தான், சாமுவேல் பூங்காவனத்தைப் பார்த்தான், பூங்காவனம் இடுப்பில் இருந்த பேத்தியைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் முதலில் ஊற்றியிருந்தால் மற்றவர்களும் ஊற்றியிருப்போம். அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டு நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம், சங்கு ஊதிவிட்டது.

கன்னியப்பன் கண்ணைத் திறந்தான்.

“வேதாவுக்குச் சொன்னீங்களா?”

அவன் சுற்றிலும் பார்த்தான். “இன்னாண்ணா, எல்லாரும் கொடத்தோட நிக்கிறீங்க? தண்ணி லாரி வந்துச்சா?”

“ஆமாம்பா,” என்றான் முனிரத்தினம். “லாரி வந்துக்கீது. வேதாக்கா லைன்ல நிக்குது. இப்போ வந்துடும்.”

“எனக்கு ஒரு வாய் குடுண்ணா. உள்ள எரியுது.”

கொடுத்தோம். முனிரத்தினம் குடத்தைச் சாய்த்துப் பிடித்தான், பூங்காவனம் அவன் தலையைத் தாங்கிக்கொண்டாள், அவன் இரண்டு வாய் குடித்தான், மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்தபடியே அவன் அடங்கினான். லாரித் தண்ணீரைக் கீழே ஊற்ற எங்களுக்கு மனசு வராது, அவரவர் குடத்தை அவரவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், போகும்போதே மறுநாள் யார் வந்து நிற்பது என்று வீட்டுக்கு வீடு முறை பேசிக்கொண்டோம். அவள் லைனில் நிற்கிறாள் என்று அவனிடம் சொல்ல நாளைக்கு எங்கள் வீட்டு முறை.